இரண்டாவது கிட்டார்

சனிக்கிழமை காலை குப்பைப் பையோடு படியிறங்கும்போது கீழ்வீட்டு மார்கரெட் என்னை மறித்தார். எழுபதைத் தாண்டிய ஆங்கிலேயப் பெண்மணி. மழையையும் குளிரையும் தவிர வேறெதையும் என்னோடு பேசியதில்லை. அன்று, "உங்கள் நண்பர் இன்னும் இருக்கிறாரா? நேற்று இருவரும் சேர்ந்து கிட்டார் வாசித்தது நன்றாக இருந்தது" என்றார். புரியாத இங்கிலீசுக்கெல்லாம் நான் வைத்திருக்கும் பதில் "யெஸ், யெஸ்" தான். அதையே சொல்லிவிட்டுத் தொட்டி வரைக்கும் போய்விட்டேன். அங்கேதான் உறைத்தது. என் அறையில் நான் ஒருவன். கிட்டாரும் ஒன்று.

முதல் நாள் மாலை ஒரு கசெட்டை ஓடவிட்டு, அதோடு வாசித்தது உண்மைதான். என் நண்பன் செல்வா இலங்கையில் ஹட்டனிலிருந்து அனுப்பியது அது. ஹார்மோனியம், தப்பு மேளம், குரல் எல்லாம் அவன் ஒருவனே. கிட்டார் கிடையாது. கூடவே ஒரு கடிதம்: 'இது என் சோலோடா. ஆனா ஒன் எடத்துல நாலு நிமிசம் சும்மா விட்டு வச்சிருக்கேன். தைப்பொங்கலுக்கு முந்தி வாசிச்சு அனுப்பு. இல்லாட்டி என் பேர மட்டும் போட்டு வெளியாக்கிருவேன்.' நான்கு வருடமாக விசா முடிவுக்குக் காத்துக் கிடப்பவனுக்கு ஊரில் மிச்சமிருந்தது அந்தக் காலியிடம் ஒன்றுதான். அதுவும் போனால் அங்கே நான் யாருமில்லை.

மேலே ஓடி வந்து, கசெட்டைப் போட்டு, இந்தமுறை கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். காலியிடம் வந்தது. தப்பு மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் அடியில், பக்கத்து மலையிலிருந்து கேட்பதுபோல, ஒரு கிட்டார். மூன்றாவது சுற்றில் அது அரைத் தட்டுப் பிந்தி வந்தது. அப்படிப் பிந்தி வருபவன் நான்தான். ஊரில் இதற்காக செல்வாவிடம் வாங்கிக் கட்டாத நாளில்லை.

நாங்கள் வளர்ந்த தேயிலைத் தோட்டம் மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலே. தொண்ணூறுகளின் நடுவில், மாற்றலாகிப் போன ஓர் உதவி மேலாளர், எங்களுக்குச் சின்னத்துரை, ஒரு பெட்டி கசெட்டைப் பங்களாவில் விட்டுப் போனார். பங்களாவில் சமையல் செய்த செல்வாவின் அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். எல்லாம் ப்ரொக்ரெசிவ் ரொக் என்னும் இங்கிலாந்துக் குழுக்களின் இசை. ஒரு பாட்டு முடிவதற்குள் ஒரு பானை சோறு வெந்துவிடும். அந்தக் குழுக்களை விட்டுத் தனியாகப் போனவர்களைப் பற்றித்தான் எங்களுக்குள் ஓயாத சண்டை. கீபோர்ட்காரன் தனியே போனால் வீம்புக்கு விரலை ஓட்டுவான், டிரம்ஸ்காரன் போனால் காதல் பாட்டுப் பாடிப் பணக்காரனாவான், பாடகன் போனால்தான் அவனுக்குள் ஒரு மனிதன் இருந்ததே தெரியவரும் என்பது என் கட்சி. செல்வாவுக்குப் பிடித்தவரோ எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்த ஒருவர். "தனியா போனவங்கள்ல இந்த ஆளு மட்டுந்தான்டா நேர்ம. இல்லாத ஆளுங்களுக்கும் சேத்து வாசிச்சிருக்காரு பாரு" என்பான். அந்த இசை பிறந்த நாட்டுக்கே வந்து, நான் வேலை செய்யும் லாண்டரியில் இதைப் பற்றிக் கேட்டேன். "என் தாத்தா கேட்பார்" என்றான் ஒருவன்.

கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா ஞாயிறுகளில் காலியாக இருக்கும். அங்கேதான் எங்கள் பயிற்சி. புளித்த பால் மணக்கும். உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் தொட்டில்கள், செல்வா தப்படித்தால் லேசாக ஆடும். பகல் இரண்டு மணிக்கே பனி கதவு வழியாக உள்ளே வந்து கடைசித் தொட்டிலை மூடிவிடும். கயிறு முனகுவது மட்டும் கேட்கும். நாங்கள் வாசிப்பை நிறுத்திய பிறகும் சில நாள் அது முனகும். அந்தப் பக்கம் பார்க்காமல்தான் சாமான்களைக் கட்டுவோம்.

நான் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது ஹட்டன் பஸ் நிலையம் வரைக்கும் செல்வா வந்தான்.

"அப்ப நீயும் சோலோ போறியா?"

"ரெண்டு வருசத்துல வந்துருவேன்டா."

"தனியா போனவங்க எல்லாம் அப்புடித்தான் சொல்லியிருப்பாங்க" என்று சிரித்தான்.

அந்தக் கிட்டாரைக் கேட்ட மறுநாள் பகல், போன் கார்டைச் சுரண்டி அவனுடைய ரேடியோ திருத்தும் கடைக்குப் போன் எடுத்தேன். அவன் விட்டு வைத்த காலியிடத்தில் கிட்டார் மட்டும் கேட்கிறது என்றேன்.

"கிட்டாரா? நான் வாசிக்கலியே." அவன் மேசையில் கசெட்டுகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஓ, அதுவா. புதுக் கசெட்டு கைவசம் இல்லடா. நாம புள்ளக்காம்பராவுல பதிஞ்ச கசெட்டு மேலயே பதிஞ்சேன். மெசின்ல அழிக்கிற ஹெட்டு தேஞ்சு போச்சு, முழுசா அழியல போல" என்றான்.

எனக்கு மூச்சு வந்தது. அவன்தான் மறுபடியும் இழுத்தான்.

"ஆனா அது ரெண்டு பேரும் வாசிச்சதுல்ல. என் ஹார்மோனியம் அழிஞ்சிருச்சு. ஒன் கிட்டாரு மட்டும் எப்புடிடா மிஞ்சுச்சு? அதுவும் நான் சும்மா விட்ட எடத்துல சரியா வந்து ஒக்காந்திருக்கு?"

அதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது.

அந்த நாலு நிமிடத்தை வாசித்துப் பதிய ஒரு மாதம் முயன்றேன். இங்கே வந்த பிறகு தட்டு எண்ணும் மெட்ரோனோம் வைத்துப் பழகியவன் நான். இப்போது தட்டுத் தவறுவதில்லை. நான் சரியாக வருவேன். அரைத் தட்டுக் கழித்து, கசெட்டுக்குள் இருக்கும் அவன், அந்தப் பழைய நான், வருவான். வேண்டுமென்றே பிந்திப் பார்த்தேன். அது வெறும் நடிப்பாக இருந்தது. நான் பாதியில் நிறுத்தினாலும் அவன் நிறுத்தமாட்டான். ஒருநாள் அவனுக்குப் பின்னால் தொட்டில் கயிறு முனகுவதும் கேட்டது. பயமாக இருந்தது. அதைவிடப் பொறாமையாக இருந்தது. என் வாசிப்பு சுத்தமானது, ஆனால் அந்தப் பாட்டுக்கு அது விருந்தாளி. வீட்டு ஆள் அவன்தான்.

செல்வாவுக்கு எழுதினேன்: 'இடத்தை நிரப்பவில்லை. அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறான். கிட்டாருக்குப் பேர் போடுவதானால் அவனைக் கேட்டுப் போடு.' கசெட்டைக் கடைசியாக ஒருமுறை ஓடவிட்டேன். கிட்டாரைத் தொடவில்லை. மறுநாள் காலை, கசெட்டும் கடிதமுமாகக் கட்டிய பொதியைத் தபாலில் போடக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். மார்கரெட் கதவைத் திறந்தார்.

"நேற்று ஒருவர்தான் வாசித்தீர்கள் போலிருக்கிறது. நீங்களா, நண்பரா?"

"நண்பர்" என்றேன். "இன்றைக்கு ஊருக்குப் போகிறார்."

"அடடா" என்று என் கையைத் தொட்டார். "இனி நீங்கள் தனியாகத்தான் வாசிக்க வேண்டும்."

"யெஸ், யெஸ்" என்றேன். அன்று அவர் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்திருந்தது.