மிரளி ஏறிய கூடை

முட்டுக்காட்டு மீனவர் குப்பத்தில் திருட்டுப் பூனைக்கு ஒரே தண்டனைதான். சாக்கில் கட்டிப் படகில் ஏற்றி, உப்பங்கழியின் அக்கரையில் விட்டுவிட்டு வருவார்கள். கொல்வது பாவம் என்பதால் இந்த ஏற்பாடு. அக்கரைச் சவுக்குத் தோப்பில் அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதை யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

மீன் விற்கும் வச்சலாவின் பூனை, குட்டியாக இருந்தபோதே அந்தச் சாக்கைப் பார்த்துவிட்டது. அவளுடைய கொழுந்தன் அரசு காயவைத்த நெத்திலியில் வாய் வைத்தது குற்றம். சாக்கு மக்கியிருந்ததால் கிழித்துக்கொண்டு இக்கரையிலேயே தப்பியது. அன்று முதல் மனிதக் கை நெருங்கினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு சீறும். அவள் அதற்கு மிரளி என்று பெயரிட்டாள். மகள் சங்கவி திருமணமாகிப் போன பிறகு, படூர் அடுக்குமாடிகளில் மீன் விற்றுத் திரும்பும் வச்சலாவின் பேச்சைக் கேட்க அந்த வீட்டில் இருந்தது மிரளி மட்டுமே. கணவன் சிங்காரம் வலையோடு பேசுகிறவன்.

மிரளியின் காதில் சொறி கண்டது. கண்வரை பரவி, இமை ஒட்டிக்கொண்டு, தீனி குறைந்தது. வச்சலா துண்டைப் போட்டு அமுக்கிப் பார்த்தாள். முழங்கை வரை கிழிந்ததுதான் மிச்சம். பூனையில்லாமலே கால்நடை மருந்தகத்துக்குப் போய் நின்றாள்.

டாக்டர் ஜெஸ்ஸி அவள் கையைத்தான் முதலில் பார்த்தார். “ஆஸ்பத்திரிக்குப் போய் இதுக்கு ஊசி போட்டுக்கங்கம்மா. இனிமே பூனையைப் பிடிக்காதீங்க. அதுவா கூடைக்குள்ள வரணும். வாரா வாரம் ஊசி இருக்கு. வாரா வாரம் சண்டை போடுவீங்களா?”

மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்றை வச்சலா அடுப்படியில் திறந்தே வைத்தாள். உள்ளே தன் பழைய சேலைத்துணியை விரித்தாள். கத்திப் பிடியால் மூடியில் இருமுறை தட்டிவிட்டுக் காரப்பொடி மீன் தலையை அருகில் வைத்து விலகிவிடுவாள். பிறகு விளிம்பில் வைத்தாள், பிறகு உள்ளே. பூனை உண்ணும்போது ஒரு விரலால் முதுகைத் தொட்டு, அது விலகுமுன் தானே விலகிக்கொண்டாள். முதுகுக்குப் பின் கழுத்து. கழுத்துக்குப் பின் பாதம். எல்லாவற்றுக்கும் கடைசியாகப் புண்ணான காது. ஒருநாள் அவசரப்பட்டு மூடியைச் சாத்தப் போனாள். மிரளி கூரையில் ஏறிக்கொண்டது. எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது.

“பூனைக்கு டாக்டரு, சேலை, மெத்தை. எம் முட்டிக்கு ஒரு தைலம் கீதா இந்த வூட்ல?” என்றான் சிங்காரம்.

“நீயும் கூடையில குந்து, தடவி வுடறேன்.”

முதல் ஊசியின்போது மிரளி கூடைக்குள் நடுங்கியதே தவிரக் கீறவில்லை. டாக்டர் மகிழ்ந்தார். “உங்க ஒரு கை மட்டும் பழகினா போதாது. வீட்டுல இன்னொருத்தரும் கூப்பிட்டுத் தொடட்டும். அப்பதான் யாரைப் பார்த்தாலும் பயப்படாது.”

வச்சலா சிங்காரத்தைக் கெஞ்சினாள். தட்டும் விதத்தை அவன் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். “மெதுவா தட்டுயா. வலைக்கு ஈயம் அடிக்கிறியா?” சில நாள் கழித்து அவன் தட்டியதற்கும் மிரளி வந்து அமர்ந்தது. அன்று அவள் அவனுக்கு வஞ்சிரக் குழம்பு வைத்தாள்.

புண் ஆறியது. காதில் சாம்பல் நிறத்தில் புதுமயிர் முளைத்தது. கடைசி ஊசிதான் பாக்கி. உடம்பு தேறிய பூனைக்குப் பசியும் தேறியது; அரசுவின் நெத்திலித் தட்டில் மீண்டும் வாய் வைத்தது.

வியாபாரம் முடிந்து வந்த வச்சலா, வாசலில் கூடை கழுவிக் கவிழ்த்திருப்பதைக் கண்டாள். அரசு பல்லைக் குத்திக்கொண்டு நின்றான்.

“அண்ணி, சாக்கே வாணாம். அண்ணன் ரெண்டு தட்டு தட்டுச்சு, அதுவா வந்து குந்திகினு படகுல ஏறிச்சு. சவாரி போற மாரி!”

வச்சலா கணவனைப் பார்த்தாள்.

“இன்னாத்துக்கு மொறைக்கிற? ஊரே பேசுது. யார் கையிலயும் ஒரு கீறல் இல்ல. நல்லா பழக்கி வச்சிருக்க நீ” என்றான் சிங்காரம். அவன் கேலி செய்யவில்லை; உண்மையாகவே பாராட்டினான்.

அவள் சோறு தின்னாமல் கூடையையும் கத்தியையும் மீன் தலைகளையும் எடுத்துக்கொண்டு பாலம் வழியாக அக்கரைக்கு நடந்தாள். சவுக்குத் தோப்பில் தெருநாய்கள் படுத்திருந்தன. கத்திப் பிடியால் மூடியில் இருமுறை தட்டினாள். மீண்டும் தட்டினாள். முட்புதருக்கு அடியில் சாம்பல் காது ஒன்று நிமிர்ந்தது.

“மிரளி, நான்தான்டி. வா, வூட்டுக்குப் போலாம்.”

மறுபடி தட்டினாள். காதுகள் பின்னோக்கிப் படிந்தன. பூனை மண்ணோடு மண்ணாகத் தாழ்ந்து, கூடையையே பார்த்தபடி பின்வாங்கி, தோப்பின் உள்பக்கம் ஓடியது. நாய் ஒன்று எழுந்து அந்தத் திசையில் நடந்தது. வச்சலா கல்லெறிந்து அதைத் திருப்பினாள். அது சற்றுத் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது.

இருட்டும்வரை இருந்தாள், பிறகு தட்டவேயில்லை. மீன் தலைகளைப் புதரடியில் வைத்துவிட்டு, கூடையையும் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

வீட்டு வாசலில் சிங்காரம் கேட்டான்: “கூடை எங்கமே? அரசு கேக்கறான். அவன் தெருவுல இன்னொரு திருட்டுப் பூனை கீதாம். நீ பழக்கிக் குடுத்தா தேவலையாம்.”