பாலில் விஷம் கலக்காத ஊர்

எங்கள் குடியிருப்புக்குக் கீழே ஒரு சின்னக் கடை. அதன் குளிர்பெட்டிக்கு இரட்டைக் கதவு. அந்தக் கதவுகளில் ஆளுயரத்துக்கு இரண்டு வாலிபர்களின் படம். ஒருவன் தோளில் மற்றவன் தலை சாய்த்திருக்க, இருவருமாக ஒரே தேநீர் பாட்டிலைப் பிடித்திருப்பார்கள். தாய்லாந்துக்கு வந்த புதிதில், பால் பாக்கெட் எடுக்க ஒரு கதவைத் திறக்கும்போதெல்லாம் அவர்களைப் பிரிக்கிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். அண்ணன் தம்பி போலிருக்கிறது என்று நினைத்துக் கல்லாவில் இருந்த பெண்ணிடம் "பிரதர்?" என்று கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள்ளே இருந்த இன்னொருத்தியைக் கூப்பிட்டுச் சொல்ல, அவளும் வந்து சிரித்தாள். என்னவென்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். புது நாட்டில் பாதி நாள் இப்படித்தான் போகிறது.

என் கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்த கம்பெனிக்கு இங்கே சோன்புரியில் ஒரு கிளை உண்டு. அவரை இங்கே மாற்றினார்கள், நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தேன். அவர் காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். எனக்குத் துணை எதிர்வீட்டு நோக். துணி வெளுக்கும் கடை வைத்திருக்கிறாள். தாய் மொழி கற்றுக்கொள்ள என்ன வழி என்று கேட்டதற்கு, புத்தகத்தைத் தூக்கிப் போடு, தொடர் பார் என்றாள். தன் கைப்பேசியிலிருந்து அவள் போட்டுக் காட்டியதில் அதே தேநீர் பாட்டில் பையன்கள் இருந்தார்கள். ஆணும் ஆணும் காதலிக்கிற கதை. இந்த ஊரில் அதற்கென்றே வாராவாரம் தொடர்கள் வருகின்றன. அடித்துப் பிடித்துப் பார்க்கிறவர்களில் முக்கால்வாசி பெண்கள்.

முதல் நாள் கதவைச் சாத்திவிட்டுத்தான் பார்த்தேன். திருட்டுத்தனமாக எதையோ தின்கிற மாதிரி இருந்தது. போகப் போக வெட்கம் போய்ச் சலிப்பு வந்தது, சலிப்பு போய்ப் பழக்கமானது. குறை சொல்லாமல் இருக்க முடியாது. இந்தக் கதைகளில் ஒருத்தன் முகத்திலும் ஒரு பரு கிடையாது. எல்லோருக்கும் மாடி முகப்பு வைத்த வீடு. ஒரு பையனும் ஷிஃப்ட் முடிந்து கிரீஸ் கையோடு வருவதில்லை. அடிக்கடி மழை பெய்கிறது. பெய்தால் ஒருத்தன் குடை மறந்திருப்பான், இன்னொருத்தன் கொண்டுவந்திருப்பான். எங்கள் சிப்காட்டில் மழை பெய்தால் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸைத் தேடுவார்கள், காதலாவது ஒன்றாவது. ஆனாலும் பார்த்தேன். பார்க்கும்போது அழவும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த நாடே சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். "உங்கள் ஊரில் எல்லோரும் நல்லவர்களாக இருக்கிறீர்களே" என்று ஒருநாள் அரைகுறைத் தாய் மொழியில் நோக்கிடம் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "டிவியில்" என்றாள். அவளுடைய அண்ணனும் அந்தத் தொடர் பையன்களைப் போலத்தானாம். அப்பா சாகும்வரை அவனோடு பேசவில்லையாம். இப்போது சட்டமே வந்து, இரண்டு ஆண்கள் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம். அண்ணனும் செய்துகொண்டான். அப்பாவின் நாற்காலிதான் காலியாக இருந்தது என்றாள். பிறகு "மை பென் ரை" என்றாள், பரவாயில்லை என்று அர்த்தம். பரவாயில்லாத எல்லாவற்றுக்கும் இங்கே அதைத்தான் சொல்கிறார்கள்.

நான் ஏன் அழுதேன் என்றால், எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். பாபு காக்களூரில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போகிறவன். அப்பா இல்லாத வீட்டில் அவனும் அம்மாவும் மட்டும்தான். நான் கிளம்புவதற்குச் சில மாதம் முன்பு, மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அவன் என்னிடம் சொன்னான், தன்னோடு வேலை செய்கிற ஜெகன் தனக்கு வெறும் சிநேகிதன் இல்லை என்று. என் கையில் பாதி மடித்த புடவை. அதை மடித்து முடித்தேன். பிறகு அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

அம்மா அவனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். வருகிற ஜாதகத்தையெல்லாம் அவன் தட்டிக் கழிப்பான். திருவள்ளூர் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் உடம்பிலுள்ள நோவு கரைந்துபோகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் அலைமோதும். அம்மா தவறாமல் போய் அவன் பெயரைச் சொல்லிக் கரைத்துவிட்டு வருவாள். கேட்டால் "அவனுக்கு வயிறு சரியில்ல" என்பாள். பாபு ஒருமுறை போனில் என்னிடம் கேட்டான்.

"நான் இன்னாக்கா, நோயா?"

இந்த வருஷம் அம்மாவை இங்கே அழைத்துக்கொண்டேன். திரும்பிப் போனதும் ஊத்துக்கோட்டையில் ஒரு பெண்ணைப் பார்ப்பதாக ஏற்பாடு. கிட்டத்தட்ட முடிவான சம்பந்தம். "அம்மா திரும்பி வர்றதுக்குள்ள நீ எப்டியாச்சும் பேசிடுக்கா. அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று பாபு கெஞ்சியிருந்தான். நானும் சரி என்றேன். அம்மா வந்தாள். சந்தைக்கு, கோயிலுக்கு, கடற்கரைக்கு எல்லாம் போனோம். வாய் மட்டும் வரவில்லை. கடைசியில் கோழைக்குத் தோன்றுகிற உபாயம் எனக்கும் தோன்றியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடரைப் போட்டுவிட்டேன்.

அம்மா நம்மூர் சீரியல்களில் ஊறியவள். பாஷை புரியாவிட்டாலும் அவளுக்கு யாரும் கதை சொல்லத் தேவையில்லை. முதல் பத்து நிமிஷத்தில், "வில்லி எங்கடி?" என்றாள். வில்லி இல்லை என்றேன். "இல்லாம எப்டி?" என்று நம்பாமல் பார்த்தாள். பெரிய வீட்டுப் பையனின் அம்மாவாக வருகிறவள் சற்றே புருவம் திருத்தியவள். போதாதா? "இவதான்" என்று குறித்து வைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் படியேறினால் யாரையோ தள்ளிவிடப் போகிறாள், போன் எடுத்தால் அடியாளுக்குத்தான். அவள் மகனுக்குப் பால் கொண்டுவந்தபோது, அம்மா சோபாவின் நுனிக்கே வந்துவிட்டாள்.

"குடிக்காதடா டேய்! எதையோ கலந்து எடுத்தாறா!"

பையன் குடித்தான். ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு அவன் பிழைத்ததைவிட, தன் கணக்குத் தப்பியதுதான் தாங்கவில்லை. நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தேன். தொடரை எதற்குப் போட்டேன் என்பதே மறந்துபோயிற்று.

மறுநாள் பார்த்த பகுதியில் அந்தப் பையன் தன் சிநேகிதனை வீட்டுக்கு அழைத்து வருகிறான். சாப்பாட்டு மேசையில் மூவரும் உட்கார்கிறார்கள். மேசைக்கு அடியில் இவர்கள் கை கோத்திருப்பதை அந்த அம்மாள் பார்த்துவிடுகிறாள். என் அம்மாவிடம் விஷம் பற்றிய பேச்சே இல்லை. திரையில் அந்த அம்மாள் எழுந்து போய், கொஞ்சம் சோறு கொண்டுவந்து சிநேகிதன் தட்டில் வைக்கிறாள். ஏதோ ஒரே ஒரு வார்த்தை கேட்கிறாள்.

"இன்னா கேட்டா?" என்றாள் அம்மா.

"அவனுக்கு மீன் புடிக்குமான்னு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

அந்தப் பகுதி முடிந்ததும் திரையை அணைத்தேன். பிறகு, "அம்மா, நம்ம பாபு..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறீங்களா ரெண்டு பேரும்? அமாவாசைக்கு அமாவாசை இன்னாத்துக்கு வெல்லம் கரைச்சேன்? அவன் வயித்துக்கா?"

அம்மா அழவில்லை. முந்தானையால் முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டாள். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

"அவன இங்க கூட்டிக்கிறியா ரேவதி? அந்த ஜெகன் புள்ளயையும்தான். இங்க இவங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க இல்ல? நம்ம தெருவுல பேசியே சாவடிச்சிருவாங்கடி."

அம்மா மகனை ஏற்றுக்கொண்டாள் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன்தான். ஆனால் ஊரை விட்டு வருவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கடைக்காரி ஏன் சிரிக்கிறாள் என்று தெரியாமல் சிரிக்க வேண்டும். நான் விரும்பி வந்தேன், அதற்கே இந்தப் பாடு. பெற்றவள் தன் கையில் இருப்பதிலேயே நல்லதை எடுத்து மகனுக்குக் கொடுக்கிறாள், அது அவனை அனுப்பிவிடுவதாக இருக்கிறது. அவளைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

அன்றே பாபுவிடம் போனில் சொன்னேன். அழுதான். பிறகு தேறிக்கொண்டு சொன்னான்.

"நான் ஏங்கா வரணும்? எனக்கு இங்க வேல கீது. ஜெகனுக்கு அவங்க நைனா கீறாரு, அவரால எழுந்து நடக்கக்கூட முடியாது. எனக்கு அந்த டிவில வர்ற ஊடு வாணாம். நம்ம ஊட்லயே இருந்துக்கறேன்."

அம்மா ஊர் திரும்பினாள். ஊத்துக்கோட்டைக்காரர்களிடம் எப்படி மறுப்பது? உண்மையைச் சொல்ல அவளுக்குத் துணிவில்லை, பெண் வீட்டாரைக் குறை சொல்லவும் மனமில்லை. அதனால் பையன் தாய்லாந்துக்குப் போகிறான், திரும்பி வர வருஷக்கணக்காகும், பெண்ணைக் காக்க வைப்பது பாவம் என்று சொல்லிவிட்டாள். நன்றாகத்தான் சொன்னாள். ஆனால் எங்கள் தெருவில் பொய்க்கு ஆதாரம் வேண்டும். திருவள்ளூர் பஜாரில் ஒரு பெரிய சக்கரப் பெட்டி வாங்கி, வாசலில் நுழைந்தாலே தெரிகிற மாதிரி கூடத்தில் வைத்திருக்கிறாள். விடுமுறை நாளில் ஜெகன் சாப்பிட வந்தால் அதன்மேல்தான் தன் பையை வைப்பானாம்.

போனில் பேசும்போதெல்லாம் அந்தப் பெட்டி பின்னால் தெரிகிறது. எட்டிப் பார்க்கிற அக்கம்பக்கத்தார் என்னைத் திரையில் கண்டால், "எப்பம்மா ஊருக்கு வர்ற?" என்று கேட்கிறார்கள். அப்படியே திரும்பிப் பாபுவைப் பார்த்து, "நீ எப்பப்பா கிளம்புற?" என்கிறார்கள். "இதோ, கிளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு, சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு அவன் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறான்.