நீக்கிலாஸ் அண்ணை வாங்கிய வேர்

நீக்கிலாஸ் அண்ணை காரில் ஏறியதும் பெல்ட் போடமாட்டார். முதலில் சட்டைப்பையிலிருந்து சின்னத் தகரப்பெட்டியை எடுப்பார். விரல் மொத்தமான சிவந்த வேரைப் பேனாக்கத்தியால் நகத்தளவு சீவிக் கன்னத்துக்குள் ஒதுக்குவார். கசப்பு இறங்கும்வரை கண்ணை மூடியிருப்பார். பிறகுதான் பெல்ட்.

டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊரில் காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலைக்கு அவரை நான்தான் ஏற்றிப்போவேன். இரண்டாயிரத்து ஒன்பது, மே மாதம். அவருடைய தங்கை இன்பமலர் முள்ளிவாய்க்காலுக்குள் அகப்பட்டிருந்தார். ஏப்ரலில் யாரோ ஒருவரின் சற்றலைற் போனில் கொஞ்சம் கதைத்தவர், "திரும்ப எடுப்பன், அண்ணை" என்றிருந்தார். அந்த அழைப்புக்காக இவர் நித்திரையை விட்டார். தூக்கம் வருகிறதென்று பிரஷர்க் குளிசையையும் விட்டார். விழித்திருக்கத் தென்பு வேண்டுமென்று ஓகூஸ் நகரத்தில் ஒரு சீனக் கடையில் இந்த ஜின்செங் வேரை வாங்கினார்.

"அண்ணை, உங்களுக்குப் பிரஷர் எல்லே? உது கூடுமே?"

"அடேய், வேரடா. மரவள்ளியும் வேர்தான். நீ தின்னேல்லையே?"

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"வடிவாப் படுத்து நித்திரை கொள்ளட்டாம். நான் குறட்டை விட்டால் டொக்டரே வந்து என்ர போனை எடுக்கிறது? நீ றோட்டைப் பார்த்து ஓடு."

போர் முடிந்ததென்று செய்தி வந்த கிழமை, தொழிற்சாலையில் கையுறை போடும்போது அவருடைய வலக்கை எழும்பவில்லை. முகம் ஒரு பக்கம் சரிந்தது. பேச்சும் அதோடு போயிற்று.

ஜூனில் இன்பமலர் முகாமிலிருந்து எடுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அண்ணையின் காதோடு போனைப் பிடித்தேன்.

"அண்ணை, ஒண்டும் கதைக்கிறியள் இல்லை. என்னோட கோவமே?"

வாய் அசைந்தது. சொல் வரவில்லை.

"அவருக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு, அக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

டொக்டர் வேரை மட்டும் குறை சொல்லவில்லை. குளிசையை விட்டதையும் நித்திரை முழித்ததையும் சேர்த்தே சொன்னார். எனக்கு ஆறவில்லை. சண்டை பிடிக்கவென்றே ஓகூஸுக்குப் போனேன். கடைக்காரப் பெண்ணுக்கு அண்ணையை நினைவிருந்தது. பிரஷர்காரர், காய்ச்சல்காரர், நித்திரை கெட்டவர் எவருக்கும் அந்த வேரை அவர் விற்பதில்லையாம். உள்ளே கொதிக்கிறவருக்கு அது இன்னும் கொதிப்பைத்தான் கொடுக்கும் என்றார். ஆருக்கென்று கேட்டபிறகே கொடுத்தாராம்.

நீக்கிலாஸ் அண்ணை தனக்கென்று சொல்லவில்லை. தங்கைக்கு என்றிருக்கிறார்: பசி கிடந்து மெலிந்தவள், கை கால் குளிர்ந்து கிடப்பவள், நேற்றுத்தான் டென்மார்க் வந்து சேர்ந்தவள்.