அத்தானின் பாஸ்வேர்டுக்கு எட்டுப் பொருத்தம்

என் அக்கா தவமலரின் புருசன் ஆனந்தராசா ஒருவரையும் நம்பமாட்டார். மூதூரிலும் பிறகு துறைமுகத்துக்குப் பக்கத்திலும் அரசாங்கக் கந்தோர்களில் முப்பத்திரண்டு வருடம் இருந்து, தலைமைக் கிளாக்கராக ஓய்வு பெற்றவர். அவ்வளவு காலமும் மேசை லாச்சிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு திரிந்தார். லாச்சிக்குள் இருந்தது ஒரு சீப்பும் தலையிடிக் குளிசையும்தான். வங்கி மெஷினில் இலக்கம் அமத்தும்போது வெயிலோ மழையோ குடையை விரித்துவிடுவார். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிக்கும்போதும் ஒரு கை மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். அந்தக் கையில் பொலித்தீன் பையில் சுற்றிய பேர்ஸ் இருக்கும்.

இந்தக் கெட்டித்தனத்தால்தான் மகளின் கலியாணத்தைத் தவறவிட்டார். மகள் கௌசிகா கனடாவில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னர் அவளுடைய கலியாணத்துக்குப் போக விசாவுக்கு விண்ணப்பித்தபோது, பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிப் பழைய பேப்பர் கட்டுக்குள் செருகி வெளிவிறாந்தையில் போட்டுவைத்தார். கள்ளன் பழைய பேப்பரைத் தொடமாட்டான் என்பது அவர் கணக்கு. கள்ளன் தொடவில்லைத்தான். உவர்மலையில் எங்கள் ஒழுங்கைக்குள் சுற்றித் திரியும் மான்கள் ஒரு காலையில் மதிலுக்குள் வந்து கட்டோடு தின்றுவிட்டுப் போய்விட்டன. அக்கா தனியாகப் போனாள். மகளைத் தாரைவார்த்துக் கொடுத்தது ஒரு சித்தப்பா. அத்தான் அதை எங்கள் வீட்டில் என் போனில் பார்த்தார். துவாயை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒரு அறை விடவேண்டும் போலவும் இருந்தது.

இப்போது கௌசிகாவுக்கு நிறைமாதம். அக்காவிடம் பழைய விசா இருந்தது, டிக்கெட்டும் போட்டாயிற்று. அத்தான் கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போகவேண்டும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நேரம் கிடைத்திருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த இடம் ஆறு கிழமைக்குப் பிறகு. அதற்குள் பேரப்பிள்ளை பிறந்துவிடும். நேரம் போட்ட கடிதத்தைக் கணினியில் விசாக் கணக்கைத் திறந்து அச்செடுத்துக்கொண்டு போனால்தான் உள்ளே விடுவார்கள்.

"இஞ்சையே எடுத்துக்கொண்டு போங்கோவன், அத்தான். அர்ஷாக்கின்ரை கொமினிக்கேசன் கடையிலை ரெண்டு நிமிச வேலை" என்றேன்.

"பாஸ்போட் இலக்கம் போட்ட தாளோடை ஏழு மணித்தியாலம் பஸ்ஸிலை போகச் சொல்லுறியோ? நல்ல கதை."

அந்தப் பாஸ்போட்டே பைலுக்குள் அவரோடு பஸ்ஸில் போனது வேறு கதை. கொழும்பில் பறித்துவிடுவார்கள் என்று நல்ல போனையும் வீட்டில் வைத்துவிட்டு, பட்டன் போனோடு புறப்பட்டார். பாஸ்வேர்டை என்ன செய்தார் என்று பின்னர்தான் தெரிந்தது. தானே நினைவில் வைத்திருக்க ஏலாத பாஸ்வேர்ட்தான் நல்ல பாஸ்வேர்ட் என்பது அவருடைய சித்தாந்தம். அதை ஒரு பெண்ணின் சாதகக் குறிப்புப் போல எழுதியிருந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் பூசிய தாள். பத்திரிகை விளம்பரத்தில் கண்ட பெயர், செல்வி நிவேதிகா. பிறந்த திகதியும் நேரமும் உண்டு, ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, சித்திரை நட்சத்திரம். இராசிக் கட்டத்தில் கிரகங்களையும் பாகைகளையும் மேடத்திலிருந்து சுற்றி வாசித்தால் விசாக் கணக்குத் திறக்கும். நவாம்சக் கட்டத்தை வாசித்தால் மின்னஞ்சல் திறக்கும். ஊர் பேர் தெரியாத பெட்டையின் சாதகத்தை யார் களவெடுப்பான்? இந்த யோசனை வந்த இரவு அத்தான் ஆறுதலாகத் தூங்கியிருப்பார்.

கொழும்பு வெள்ளவத்தையில் அவர் தங்கியது தன் பெரியம்மாவின் மகள் கனகம்மா வீட்டில். அந்த வீட்டில் துவாரகன் என்றொரு மகன், முப்பத்தாறு வயது, இன்னும் கலியாணம் ஆகவில்லை. கனகம்மா ஏழு வருடமாகச் சாதகம் தேடிக் களைத்துப்போனவள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தான் கண்ணயர்ந்தபோது, பைலிலிருந்து எட்டிப்பார்த்த மஞ்சள் மூலை அவள் கண்ணில் பட்டுவிட்டது. பொம்பிளைச் சாதகம் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டுத் தம்பி வாய் திறக்கக் கூச்சப்படுகிறான் என்று நினைத்தாள். உடனே அதை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருச் சாத்திரியாரிடம் ஓடினாள்.

சாத்திரியார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாராம்.

"ஆர் பிள்ளை இதை எழுதினது? ராகுவும் கேதுவும் பக்கத்துப் பக்கத்து வீட்டிலை இருக்கினம். சூரியனுக்கு ஏழாம் வீட்டிலை புதன் நிக்க ஏலுமே?"

நல்ல மனிதர். பஞ்சாங்கத்தை விரித்து, பிறந்த திகதிக்கு எல்லாவற்றையும் திருத்திப் புதுத் தாளில் அழகாக எழுதிக் கொடுத்தார். பிழையான சாதகம் வீட்டில் இருக்கக் கூடாது என்று பழையதைக் கிழித்து அடுப்பிலும் போட்டுவிட்டார். துவாரகனுக்குப் பத்துக்கு எட்டுப் பொருத்தம். கனகம்மா சந்தோசத்தில் புதுத் தாளைப் படம் பிடித்து, நூற்று நாற்பது சொந்தக்காரர் இருக்கும் எங்கள் குடும்பக் குழுவில் போட்டாள். கீழே ஒரு வரியும் எழுதினாள்: ஆனந்தன் கொண்டுவந்தது, தாய் தகப்பன் பேர் இல்லை, பாஸ்போட்டோடை வைச்சுக் காவித் திரியிறான். பிறகு தாளை மடித்து, தம்பியே கதையைத் தொடங்கட்டும் என்று பைலுக்குள் வைத்துவிட்டாள்.

விடிவதற்குள் லண்டனும் கனடாவும் கணக்குப் பார்த்து முடித்துவிட்டன. தொண்ணூற்றொன்பதில் ஆனந்தன் எங்கே வேலை? மூதூரில். கிழமை முழுக்க அங்கே தங்கி, சனிக்கிழமை லாஞ்சிப் படகில் வீட்டுக்கு வருகிறவர். அதற்குமேல் யாரும் எதுவும் எழுதவில்லை. கௌசிகா மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா கதிரையில் இருந்தாள். மடியில் அத்தானின் போன். கொழும்பில் அத்தான் ஒரு கொமினிக்கேசன் கடையில் பைலைத் திறந்து, வேறொருவர் கையெழுத்தைக் கண்டு, கனகம்மாவுக்கு எடுத்து விசயத்தை அறிந்து, வேறு வழியில்லாமல் அதையே ஐந்து தரம் அடித்துப் பார்த்ததில் கணக்குப் பூட்டுப்பட்டுப் போயிருந்தது. மின்னஞ்சலும் திறக்கவில்லை. மிச்சம் ஒரு வழிதான். பதிந்திருந்த போனுக்கு ஆறு இலக்கம் வரும், அது பத்து நிமிடம்தான் செல்லுபடியாகும். அந்தப் போன்தான் அக்காவின் மடியில் இருந்தது.

அக்காவின் சொந்தப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"தவம், என்ரை போனிலை ஒரு மெசேஜ் வந்திருக்கும். அந்த ஆறு இலக்கத்தையும் சொல்லும், கெதியா."

"வந்திருக்கு. ஆர் நிவேதிகா?"

"என்ன?"

"நிவேதிகா. நீங்கள் மூதூரிலை இருந்த நேரம் பிறந்தது."

"ஐயோ தவம், அது பாஸ்வேர்ட்!"

"பாஸ்வேர்டுக்குச் சித்திரை நட்சத்திரமோ?"

"களவு போகாமலுக்கு அப்பிடி எழுதினனான். சத்தியமா!"

"அப்ப அதைப் போட்டுத் திறவுங்கோவன்."

"திறக்குதில்லை. சாத்திரியார் திருத்திப்போட்டாராம்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான் முற்றத்தைப் பார்த்தேன். அவர் சொல்வது உண்மை என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். இன்னொரு குடும்பம் நடத்த ஒரு துணிவு வேண்டும், அது அத்தானுக்கு ஏது?

"அக்கா, அத்தான் பொய் சொல்லேல்லை" என்றேன்.

"நீ வாயை மூடு. இஞ்சாருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ, நம்பரைச் சொல்லுறன். அவ்வளவுதான்."

"நாலு நிமிசம்தான் இருக்கு, தவம். கௌசிக்குப் பிள்ளை பிறக்கப்போகுது. கலியாணத்துக்கும் நான் இல்லை."

கடையில் யாரோ போட்டோக் கொப்பி அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அத்தானின் குரல் மெல்ல வந்தது.

"ஓம். என்ரை பிள்ளைதான். நம்பரைச் சொல்லும்."

அக்கா ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோலத் தெளிவாகச் சொன்னாள். ஒரு இலக்கத்திலும் குரல் நடுங்கவில்லை. போனை வைத்த பிறகுதான் முகத்தை மூடிக்கொண்டாள்.

அத்தான் பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க உள்ளே போனார். விசா வந்தது. வீட்டுக்கு வந்து எத்தனை தரம் பாஸ்வேர்ட் என்று சத்தியம் பண்ணியும் அக்கா நம்பவில்லை. இரண்டு பேரும் ஒரே விமானத்தில் போனார்கள், நடுச் சீற்றில் அக்காவின் பை இருந்ததாம். பேரப்பிள்ளை பிறந்தபோது அத்தான் ஆஸ்பத்திரியில் நின்றார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுதாராம், இந்த முறை துவாய் இல்லாமல்.

போன கிழமை அக்கா அங்கிருந்து போன் எடுத்தாள். கோபமெல்லாம் ஆறிவிட்டது. அந்த ஆறின குரலைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது, தவராசா? வயசும் போகுது. துவாரகனுக்கு எட்டுப் பொருத்தமாம். நீ மூதூர்ப் பக்கம் போய் ஒருக்கா விசாரிச்சுப் பார்."

அவளைச் சமாதானப்படுத்தவென்று நானும் மோட்டார் சைக்கிளில் போனேன். கிளிவெட்டியில் கேட்டேன், கட்டைபறிச்சானில் கேட்டேன். அப்படியொரு பெட்டை எங்குமே இல்லை என்று அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன்.

"எப்பிடிக் கிடைக்கும்?" என்றாள் அக்கா. "ஒளிச்சு வைக்கிறதிலை அவர் கெட்டிக்காரர்தானே."