உலகம் அழிந்த மலையில் ஒரு பலாப்பழம்

கேபிள் டிவி தொழிலில் முதலில் வருவது சத்தம்தான். படம் எப்போதுமே அப்புறம்தான். கண்ணைத் திறப்பதற்கு முன்பே மேஜைமேல் போன் அலறும். இருட்டில் தடவி எடுத்தால், ஹலோகூடச் சொல்லாமல் ஒரு குரல், "இன்னாய்யா, படம் வர்ல?" என்று கேட்கும். எந்த ஊர், எந்த வூடு, எந்தச் சேனல், எதுவும் சொல்லாது. உலகத்தில் வராத படத்துக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. இதைப் படிப்பவர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், ஏடிஎம் வாசலில் உட்கார்ந்திருக்கிறவர் என்று ராத்திரியை விற்றுப் பிழைக்கும் யாராவது இருந்தால், உங்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. அதுதான் எங்கள் உள்ளூர்ச் சேனல். ராத்திரி முழுக்க என் ஆட்சி. அதற்கு முன்னால் செங்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டினேன், சந்தவாசலில் சவுண்டு சர்வீஸில் இருந்தேன், கணியம்பாடியில் கோழிப்பண்ணைக்குக் காவல் இருந்தேன். எதிலும் கால் தரிக்கவில்லை. எனக்குத் தூக்கமும் அவ்வளவாக வராது, பேசவும் ஆள் கிடையாது. விழித்திருந்த நேரத்தில், கம்ப்யூட்டரில் படத்தை வெட்டி ஒட்ட நானாகவே கற்றுக்கொண்டேன். அதில் பிறந்ததுதான் 'ஓட்டைக் கொட்டாய்': ஓடாத படங்களைக் கிண்டலடிக்கும் நிகழ்ச்சி, வெள்ளிக்கிழமை தோறும், அரைமணி நேரம். குரல் கொடுப்பது நானும், பகலில் விளம்பரம் வாசிக்கும் சுகுணாவும். பேச ஆளில்லாதவனுக்கு மலை முழுக்கக் கேட்கும்படி பேச அரைமணி கிடைத்தது. அந்த அரைமணிதான் என்னை இந்த வேலையில் கட்டிப்போட்டது.

முதலாளி செல்வம் ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பாரு, ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வரட்டும். ஷோவத் தூக்கிட்டு அந்த எடத்துல மூல வியாதி வைத்தியர் விளம்பரம் போட்ருவேன்."

பென் டிரைவில் வந்த பிரளயம்

வாணியம்பாடி அன்வர் பாய் தோல் வியாபாரி. சினிமா ஆசையில் சொந்தமாக 'சாம்பல் படை' என்று ஒரு படம் எடுத்தார். கதை இதுதான். உலகம் அழிந்துவிட்டது. மரம் இல்லை, தண்ணீர் இல்லை. மிச்சமிருக்கும் கடைசிக் குடம் தண்ணீரைக் காப்பாற்ற, தோல் உடுப்பு மாட்டிய கொடியவர் படையோடு நாயகன் சண்டை போடுகிறான். செங்கத்தில் ஒரு தியேட்டரில் போட்டார்கள், சீக்கிரமே எடுத்தும் விட்டார்கள். பாய் மனம் தளரவில்லை. படத்தை ஒரு பென் டிரைவில் கொடுத்தனுப்பி, பொங்கலன்று எங்கள் சேனலில் போடச் சொன்னார்.

அழிந்த உலகத்தை அவர் படம்பிடித்தது எங்கள் மலையில், ஆடி மாதத்தில். ஆகவே அழிந்த உலகத்தில் நிற்காமல் மழை பெய்தது. "ஒரு சொட்டுத் தண்ணி இல்லையே!" என்று நாயகன் வானத்தைப் பார்த்துக் கதறுகிறான். திறந்த வாயில் மழை கொட்டுகிறது. ஒரு மிடறு விழுங்கிவிட்டுக் கதறலைத் தொடர்கிறான். பின்னால் மலை பச்சைப் பசேலென்று, சாரி, சாம்பலேலென்று இருக்கிறது. ஏனென்றால் படம் முழுக்கச் சாம்பல் நிறம் ஏற்றியிருந்தார்கள்.

சுகுணா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "உலகம் அழிஞ்சாதான் இவ்ளோ நல்லா மழ பேயுமாண்ணா? அப்ப சீக்கிரம் அழியட்டும், எங்க சாமையாவது வெளையும்."

கலர் போன வூடு

பொங்கலன்று மத்தியானம் படத்தைப் போட்டேன். போட்ட கையோடு போன். மேலே ஒரு குக்கிராமத்திலிருந்து பச்சையம்மாள் என்கிற வாடிக்கையாளர். "கலர் போயிடுச்சு. நல்ல நாளும் அதுவுமா டிவி வெளுத்துப் போய்க் கெடக்குது." சேற்றில் வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். ஒயரை மாற்றினேன். பாக்ஸை மாற்றினேன். டிவியின் முதுகைத் தட்டினேன். திரையில் சாம்பல்தான். அந்தம்மா கையில் மஞ்சள் கொத்தோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் வந்தது. சிவப்புப் பட்டு தகதகவென்று ஜொலித்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. "டிவி நல்லாத்தாம்மா கீது. படமே அப்படித்தான். உலகம் அழிஞ்சு போச்சு இல்ல, அதான் சாம்பல்." பச்சையம்மாள் அசையவில்லை. "அவங்க உலகம் அழிஞ்சா அவங்களோட இருக்கட்டும். என் வூட்டுக்குக் கலரு வரணும்."

நன்றாக நடித்த ஒரே இடம்

அந்தப் படத்தை விட முடியுமா? அடுத்த வெள்ளிக்கு அதையே எடுத்தோம். கிண்டல் செய்வதும் ஒரு வேலைதான், அதற்கும் முதுகு ஒடியும். ஒரு காட்சியைக் கிண்டலடிக்க அதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். நாயகன் கத்தியை உருவும் சத்தத்துக்குச் சுகுணா தகர டப்பா மூடியைச் சுரண்டினாள். கொடியவர் தலைவனின் கர்ஜனைக்கு நான் பக்கெட்டுக்குள் தலையை விட்டு உறுமினேன்.

பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் எங்களைக் குடைந்தது. படம் முழுக்க மரக்கட்டை மாதிரி நிற்கும் சாம்பல் படை, ஒரே ஒரு காட்சியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. கண்ணில் நிஜமான பயம். துரத்த வேண்டிய நாயகனோ அவர்களுக்கு முன்னால் குடத்தோடு ஓடுகிறான். யாரைப் பார்த்து யார் ஓடுகிறார்கள் என்பது தெரியவே இல்லை. அப்படியே நிகழ்ச்சியில் சொன்னேன்: "இந்த ஒரு எடத்துல மட்டும் எல்லாரும் பிரமாதமா நடிச்சிருக்காங்க. எப்படின்னு தெரிஞ்சவங்க போன் பண்ணுங்க." சுகுணா ஒலிவாங்கியை அணைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "சம்பளம் கேட்டிருப்பாங்கண்ணா, டைரக்டர் பின்னாடி தொரத்தியிருப்பாரு."

முதல் புகார்

படத்தில் ஒரு காட்சி. மனித இனமே பட்டினியில் செத்துக்கொண்டிருக்கிறது என்று நாயகி அழுகிறாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் தலையில் பெரிய பலாப்பழத்தோடு நிதானமாக நடந்து போகிறார். பாதி வழியில் நின்று, அழுகிற பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு போகிறார். படம்பிடிப்பது தெரியாமல் வந்த உள்ளூர்க்காரர். இதை நிறுத்தி நிறுத்தி, சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினோம்.

மறுநாள் மாடிப்படியில் கனத்த காலடிச் சத்தம். கதவைத் திறந்தால் அதே ஆள், இடுப்பில் கொடுவாள். காளியப்பன் என்று பெயர் சொன்னார். கொல்லைக்காட்டில் வேலையை விட்டு நேராக வந்தாராம். "உன் ஷோ மேல ஒரு கம்ப்ளெயின்ட் சொல்லணும்" என்றார். உள்ளறையில் முதலாளி இருந்தார். என் கண்ணுக்குள் மூல வியாதி வைத்தியர் புன்னகைத்துவிட்டுப் போனார். எதுவாக இருந்தாலும் மெதுவாகப் பேசலாம் என்று அவரைப் படிக்கட்டுக்கே இழுத்து வந்தேன்.

"பழத்துக்கு மட்டும் வட்டம் போட்டுக்கீற" என்றார் காளியப்பன். "மூஞ்சி வெளிய போயிடுச்சு. சம்பந்தி வூட்ல அது நான்னு நம்ப மாட்றாங்க. அடுத்த வாரம் மூஞ்சிக்கும் ஒரு வட்டம் போடு."

பாய் மலையேறினார்

இரண்டாவது புகார் நிஜமான இடத்திலிருந்து வந்தது. அன்வர் பாய் முதலாளிக்குப் போன் செய்து, "அந்த ஷோ பண்ண ஆளு யாரு? நேர்ல பாக்கணும். வர்றேன்" என்று வைத்துவிட்டார். முதலாளி போனோடு என்னிடம் ஓடி வந்தார். "போச்சு. கேஸ் போடப் போறாரு. நீ அந்த வைத்தியர் விளம்பரத்த ரெடியா எடுத்து வை" என்றார். எடுத்து வைத்தேன். நம்பினால் நம்புங்கள், அந்த விளம்பரத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, அடுத்து எந்த ஊருக்குப் போகலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். ஊர் மாறுவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் இந்த முறை கால் நகரவில்லை.

பாய் வந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, மலைப்பாதையில் வந்த களைப்பு. தண்ணீர் வேண்டாம் என்றார், டீ வேண்டாம் என்றார். "போடு" என்றார். போட்டேன். மழையை விழுங்கும் நாயகன் வந்தான், சிரிக்கவில்லை. தகர டப்பா வந்தது, சிரிக்கவில்லை. பலாப்பழத்தைச் சுற்றி வட்டம் வந்தபோது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். முடிந்ததும் என்னையும் பக்கத்தில் நின்ற சுகுணாவையும் பார்த்துக் கேட்டார், "தம்பி, என் படத்த எத்தன தடவ பாத்தீங்க?"

"கணக்கே இல்ல பாய். வெட்டி ஒட்டணும்னா பாத்துக்கினே இருக்கணும்."

பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "தியேட்டர்ல பாதியில எழுந்து போனாங்க. வூட்ல எம் பொஞ்சாதி தூங்கிட்டா. சொந்தக்காரங்க 'மாஷா அல்லாஹ், நல்லாருக்கு'ன்னு சொல்ட்டு செருப்ப மாட்டிக்கினு கெளம்பிட்டாங்க. மொத்தமா பாத்தது நீங்க ரெண்டு பேருதான்."

முதலாளி கையைப் பிசைந்தார். "ஷோவ நிறுத்திடறோம் பாய். உங்களுக்குக் கம்ப்ளெயின்ட் இருந்தா..."

"இருக்குதுய்யா, பெரிய கம்ப்ளெயின்ட் இருக்குது" என்று சட்டைப்பையிலிருந்து இன்னொரு பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார் பாய். "இவ்ளோ பாத்த மனுஷன், இருக்கறதுலயே பெரிய கூத்த விட்டுட்டாரே!"

யாரைப் பார்த்து ஓடினார்கள்

அந்தப் பென் டிரைவில் இருந்தது, படத்திலிருந்து வெட்டிப்போட்ட காட்சி. அந்தக் கூத்தை வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன், கண்ணால் பார்த்தேன். படையின் உடுப்பெல்லாம் பாய் கடையில் கழித்துப்போட்ட தோல். துணியை விட மலிவு, பார்க்கவும் பயங்கரமாக இருக்கும் என்று தைத்துவிட்டார். பதப்படுத்தினது அரைகுறை. ஆடி மழையில் ஊறியதும் கிளம்பியது பாருங்கள் ஒரு வாடை! மலையில் இருந்த நாய்களெல்லாம் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டன. உலகை அடிமைப்படுத்திய கொடியவர் தலைவன் வாளைப் போட்டுவிட்டுப் புளியமரத்தில் ஏறுகிறான். "கட் சொல்லுங்க பாய், கட் சொல்லுங்க!" என்று மரத்திலிருந்து கெஞ்சுகிறான். பாய் குடையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார், "ஓடுங்கடா, நல்லா வருது, அப்படியே ஓடுங்க!" படத்தில் நாய்களை மட்டும் வெட்டிவிட்டு ஓட்டத்தை வைத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளி பாயே எங்களோடு உட்கார்ந்தார். சுகுணா கேட்கக் கேட்க, தன் படத்தைத் தானே கிழித்துத் தோரணம் கட்டினார். இவ்வளவு சிரிப்பு அந்த அறையில் நான் கேட்டதில்லை. அதில் பாதி என்னுடையது என்பது எனக்கே ஆச்சரியம். நிகழ்ச்சி முடிந்ததும் போன்கள். படம் வரவில்லை என்று ஒன்றுகூட இல்லை. காளியப்பன், "முன்னாடி ஓடற செவலை என் நாய்தான், அதுக்கும் ஒரு வட்டம் போடு" என்றார். மற்றவர்களெல்லாம் முழுப் படத்தையும் திரும்பப் போடச் சொன்னார்கள். பொங்கலன்று யாரும் சீந்தாத படம்! முதலாளி வைத்தியர் விளம்பரத்தைத் தன் கையாலேயே அழித்தார். "அரைமணி பத்தாதுய்யா, இனிமே ஒரு மணி நேரம் பேசு" என்றார். கடைசியாகப் பச்சையம்மாள்: "அந்தச் சாம்பப் படத்தப் போடு. கலரு கிலரு ஏத்திக் கெடுத்துடாத."

கடைசிக் குடம்

ஷோவைப் பற்றிக் கேள்விப்பட்டு, படத்தைச் சீக்கிரமே தூக்கிவிட்ட அதே செங்கம் தியேட்டர்காரர் பாயைத் தேடிப் போய்க் கேட்டு வாங்கினார். பாய் போட்ட ஒரே நிபந்தனை: போஸ்டரில் நாய்களும் வேண்டும், பலாப்பழமும் வேண்டும். திரும்பப் போட்ட அன்று என்னையும் சுகுணாவையும் கூப்பிட்டிருந்தார். மலையிலிருந்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். காளியப்பன் சம்பந்தி வீட்டாரையே முன்வரிசையில் உட்கார வைத்து, பழம் வந்ததும் எழுந்து நின்று கைகூப்பினார். மழைக்குச் சிரிப்பு. ஓட்டத்துக்கு விசில்.

பாய் உட்காரவே இல்லை. கடைசிவரை கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். கடைசிக் காட்சியில் நாயகன் அத்தனை சண்டை போட்டுக் காப்பாற்றிய குடத்துத் தண்ணீரைக் குடிக்காமல், ஒரு செடிக்கு ஊற்றுகிறான். நாங்கள் அதைக் கிண்டலடிக்காமல் விட்டிருந்தோம். ஏன் என்று எங்களுக்கே தெரியாது. கொட்டகை சட்டென்று அமைதியானது. யாரோ ஒருவர் கைதட்டினார். அப்புறம் மொத்தக் கொட்டகையும். நான் திரையைப் பார்க்கவில்லை, பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். "சிரிச்சாங்க, சரி. ஒருத்தன்கூட எழுந்து போகல பாத்தியா தம்பி!"

மலையேறி அறைக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் போன் அலறியது. "இன்னாய்யா, படம் வர்ல?" எந்த வூடு என்று சொல்லவில்லை. குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். அந்தப் பக்கம் அணில் ஒயரைக் கடித்திருக்கும். உலகம் நிஜமாகவே அழிகிற அன்றைக்கும், ஏன் கலர் இல்லை என்று முதல் போன் எனக்குத்தான் வரும் என்பதால், கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு ஏணியை வண்டியில் கட்டினேன்.