மஞ்சள் வரியை எடுக்க மாட்டேன்

சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் ஆபீஸ் ரொம்ப நாளாகப் பிரான்சுக்காரர்களுக்குத்தான் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தது. அதனால் சர்வர் உட்பட எல்லா மெஷினிலும் பிரெஞ்சு இருந்தது, தமிழ் இல்லை. தமிழ் பேசத்தான் நாங்கள் இருக்கிறோமே என்று விட்டுவிட்டார்கள் போல.

பிறகு லாஸ்பேட்டையிலிருந்து ஒரு கண் ஆஸ்பத்திரி வந்தது. நோயாளி எந்தக் கிழமை வர வேண்டும் என்று தமிழில் மெசேஜ் போக வேண்டும், அவ்வளவுதான் வேலை. சாஃப்ட்வேர் சரியாக ஓடுகிறதா என்று டெஸ்டுகளை ஓட்டிப் பார்ப்பது என் பொறுப்பு. எல்லாம் பாஸ் என்று பச்சை காட்டியது. அந்தத் தைரியத்தில் வெள்ளோட்டத்தில் என் அத்தையின் நம்பரையும் சேர்த்தேன். கனகசெட்டிக்குளத்தில் மீன் விற்கிறவள், கண்ணில் புரை.

குறித்த நாளில் அவள் போகவில்லை. போன் போட்டுக் கத்தினேன்.

"இன்னாடி கத்தற? இங்கிலீசுல என்னமோ வந்துச்சு. பேங்க் காசை அடிக்கிற பசங்க அனுப்புனதுன்னு அழிச்சிட்டேன்."

சர்வரில் தேடிப் பார்த்தேன். அது இங்கிலீஷ் இல்லை, பிரெஞ்சு. எந்த மொழியில் மெசேஜ் எழுதுவது என்று புரோகிராம் கோடில் ஒரு குறி இருக்கும், லோக்கேல் என்போம். தமிழ் லோக்கேல் மெஷினில் கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் மெஷினின் சொந்த மொழிக்குத் தாவும்படி மேனேஜர் எழுதியிருந்தார். சரிபார்க்கும் டெஸ்டும் அதே வழியில் தாவியது. பரீட்சை எழுதினவனே பேப்பரையும் திருத்தின கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டெஸ்டை மாற்றினேன். தமிழ் இல்லையென்றால் அது இடிந்து விழவும் வேண்டாம், பாஸ் ஆகவும் வேண்டாம். "இந்த மெஷினில் தமிழ் இல்லை, சோதிக்கவில்லை" என்று ரிப்போர்ட்டில் மஞ்சளாக ஒரு வரி வந்தால் போதும்.

மேனேஜர் என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து டாக்டர் ரிப்போர்ட் பாக்க வராரும்மா. அந்த மஞ்சளை எடுத்துடு."

"மாட்டேன் சார்."

"தமிழ் இல்லன்னா நம்ம கோடு நாகரிகமா சமாளிக்குது. அதுல என்ன தப்பு?"

"இல்லன்னா இல்லன்னு சொல்றதுதான் சார் நாகரிகம்."

"வேற ஆளை விட்டு எடுக்கச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. நான் டாக்டர்கிட்ட வாயாலயே சொல்லிக்கறேன்."

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் இருந்தேன். டாக்டர் வந்தார், நேராக மஞ்சளில் விரலை வைத்தார். மேனேஜர் ஃபேனைப் பார்த்தார்.

"இன்னும் தமிழ் போகல டாக்டர்," என்றேன். "போற மாதிரி காட்டிக்கிட்டிருந்தோம். எங்க அத்தைக்கு பிரெஞ்சுல போச்சு, அவங்க வரல."

தமிழ் சரியாகும்வரை நோயாளிகளுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துகொண்டார். சர்வரில் எதையும் மாற்ற அதுவரை எனக்கு அனுமதி இல்லை; அவர் படி இறங்கியதுமே மேனேஜர் கொடுத்தார், தமிழை ஏற்றினேன். டெஸ்ட் மறுபடி பச்சை காட்டியது, இந்த முறை உண்மையாகவே. மஞ்சள் வரிக்கான கோடை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். நாளைக்குத் தமிழ் இல்லாத வேறொரு மெஷின் வரும், அதுவும் வாயைத் திறந்து சொல்லட்டும். மேனேஜர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

அடுத்த வாரம் அத்தையே கூப்பிட்டாள்.

"வெள்ளிக்கெழம வரச் சொல்லி மெசேஜ் வந்துருக்கு. நானே படிச்சிட்டேன், நீ கத்தாத."