மூக்கோடு மூக்கு முட்டும் அம்புகள்

மெசபொட்டேமியாவில் நான் இருந்தது உண்மை. அங்கே போர் நடந்ததும் உண்மை. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததில்லை என்பதை மட்டும் ஊரில் சொல்லாமல் இருந்தேன். பட்டாளக் கிடங்கில் மாவு மூட்டைகளுக்குச் சீட்டு எழுதும் குமாஸ்தா வேலை எனக்கு. ஊர் திரும்பிய சில ஆண்டுகளில் அந்த மாவெல்லாம் என் பேச்சில் வெடிமருந்தாகிவிட்டது.

திருவனந்தபுரத்திலிருந்து பேசாத படம் எடுக்கும் கூட்டம் ஒன்று பாறசாலைக்கு வந்தபோது, போர்க் காட்சி ஒன்றுக்காகப் பட்டாள வண்டியின் நிறமும் குறியும் தெரிந்தவர் யார் என்று கேட்டது. ஊர் முழுக்க என்னைக் கைகாட்டியது. வண்டி என்று கிடைத்தது, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் ஓடும் ஒரே ஒரு பஸ். அதன் முதலாளிக்கு அதுவே சோறு. படப்பிடிப்பு முடிந்த மறுநாள் அதற்குப் பரிசோதனை வேறு இருந்தது. பரிசோதகர் கையெழுத்திட்டால்தான் அது மேற்கொண்டு ஓடலாம்.

கடைப்பலகை எழுதும் பெயிண்டர் வாளியோடு வந்தார்.

"அண்ணாச்சி, காக்கின்னா எந்தக் காக்கி? போலீசுகாரனுக்க நிக்கரா?"

"காக்கி என்றால் பாரசீகத்தில் புழுதி என்று பொருள்," என்றேன். படித்தவனிடம் நிறம் கேட்டால் இதுதான் கிடைக்கும்.

"செரி, நம்ம ஊருப் புழுதி செவப்பாக்கும். செவப்பு அடிக்கவா?"

பெரும் விவாதத்துக்குப் பிறகு, கருப்பட்டிக் காப்பியில் பால் கூடிப்போன நிறத்தில் உடன்பட்டோம். படத்தில் எல்லாம் சாம்பலாகத்தான் தெரியும் என்றார் டைரக்டர். உண்மைக்கு நிறம் முக்கியம் என்று நான் அவரை அடக்கினேன்.

அடுத்தது குறி. கிடங்கில் என் ஜன்னலுக்கு எதிரே நின்ற வண்டிகள் எல்லாவற்றிலும் இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டிருக்கும். அதையே பஸ்ஸின் இரு பக்கமும் பெரிதாக எழுதச் சொன்னேன்.

"இது என்னவாக்கும் ஓய்?" என்றார் முதலாளி.

"எதிரியை நேருக்கு நேர் சந்திப்போம் என்று பொருள்."

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. படப்பிடிப்பு முடிந்தும் அழிக்கவில்லை. "பரிசோதனைக்கு இப்பிடியே கொண்டுபோவோம். அந்தப் பரிசோதகரும் பட்டாளத்துல இருந்தவராக்கும். பாத்தா ஒரு மதிப்பு உண்டு," என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

நெய்யாற்றின்கரைச் சந்தையில் பரிசோதகர் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றினார். முகம் மாறியது.

"எடோ, பட்டாளம் கழிச்சுத் தள்ளின வண்டியிலயா ஆள் ஏத்துத?"

முதலாளிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கத் தொடங்கியது.

"ஒத்தை அம்பு சர்க்காருக்க சொத்து. ரெண்டு அம்பு மூக்கோட மூக்கு முட்டினா, உதவாதுன்னு வித்த சொத்து. லைசென்ஸை எடு."

அத்தனை மாதமும் என் ஜன்னலுக்கு எதிரே நின்றது படை அல்ல, பழைய இரும்பு.

"எலே, நேருக்கு நேருன்னு சொன்னியே! எனக்க கஞ்சியில மண்ணை வாரிப் போட்டியே!" முதலாளி 'ஓய்'யிலிருந்து 'எலே'க்கு இறங்கியிருந்தார். அவர் லைசென்ஸை எடுத்து நீட்டியதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

"குறி என்னுடையது," என்றேன்.

"ஒமக்கு எங்கேருந்து கிடைச்சு?" என்றார் பரிசோதகர்.

"மாவுக் கிடங்கிலிருந்து."

"எழுதித் தாரும்."

எழுதினேன். நான் போர்முனையைக் கண்டதில்லை, துப்பாக்கியைத் தொட்டதில்லை, மாவைத் தவிர வேறெதுவும் அறியேன், இந்தக் குறி என் அறியாமையால் வரையப்பட்டது. என் எழுத்துகளிலேயே பிழையில்லாதது அதுதான். பரிசோதகர் அதைச் சந்தையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி வாசித்தார். பிறகு எஞ்சினையும் பிரேக்கையும் பார்த்துக் கையெழுத்திட்டார்.

அம்புகளைச் சுரண்டிவிட்டு, முதலாளி ஆளேற்றிக்கொண்டு கிளம்பினார். எனக்கும் இடம் தந்தார். வாசித்ததைக் கேட்டவர்களில் பாதிப்பேர் அதே பஸ்ஸில் இருந்தார்கள். யாரும் என்னிடம் போரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்கு இவ்வளவு தூரம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.